அண்மை வில்லையும் முன்னெட்டமும்

அம்பாசமுத்திரம் தம்பி எழுதியது:
> அண்ணாச்சி, மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைக் கிட்டே போய் எடுக்கிற லென்ஸ்) வாங்கணும். வயலில் பூச்சிகளும் நெற்பூவும் எடுக்கத்தான். 30, 50, 90, 105 மி.மீ. என்று ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள். நாம் சேர்ந்து தொகுக்கும் ஒளிப்படக் கலைச்சொல் பட்டியலில் ‘மீச்சிறு குவியத் தொலைவு’ என்று ஒன்று இருக்கிறதே, அது குறைவாக உள்ளதைப் பார்த்து வாங்கினால் போதுமா?

தம்பி, போதாது. பட்டியலில் இருக்கும் அந்தச் சொல்லே வாங்குகிறவரைத் திசைமாற்றிவிடும். உங்கள் கேள்வியை வைத்து அதையும் சரிசெய்துவிடலாம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குவியத் தொலைவு பள்ளிப் பாடத்திலேயே வேரூன்றிவிட்ட சொல். லென்ஸ் மேல் 50 மி.மீ., 90 மி.மீ. என்று போட்டிருப்பது அதுதான். அதற்கு முன்னால் ‘மீச்சிறு’ சேர்த்தால், 24–70 ஜூம் வைத்திருப்பவர் 24 என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததோ, எவ்வளவு கிட்டே போனாலும் லென்ஸ் தெளிவாகப் பிடிக்கும் என்கிற எல்லை. இதற்கு வழியும் பாடநூலிலேயே இருக்கிறது. கண்ணுக்கு 25 செ.மீ. என்று படித்தோமே, ‘தெளிவுறு காட்சியின் மீச்சிறு தொலைவு’. அதைச் சுருக்கி ‘மீச்சிறு தெளிதொலைவு’ என்று வைத்துக்கொள்ளலாம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

ஆனால் தெளிதொலைவை மட்டும் பார்த்து வாங்கினால் வயலில் போய்த்தான் கஷ்டம் தெரியும். அதை லென்ஸின் முன்விளிம்பிலிருந்து அளப்பதில்லை. கேமராவுக்குள் படம் விழும் உணரியிலிருந்து (சென்சார்) அளக்கிறார்கள். கேமராவின் மேல்புறத்தில் ஒரு சின்ன வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடுமாக ஒரு குறி இருக்கும், பாருங்கள். உணரி அந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கிருந்து பூச்சி வரைக்கும் உள்ள தூரத்தில் கேமராவின் உட்பகுதியும் லென்ஸின் முழு நீளமும் கழிந்துவிடும். கழிந்தது போக மிஞ்சும் வெளியில்தான் நாம் படம் எடுக்கிறோம். அந்த மிச்சத்துக்குப் பட்டியலில் சொல்லே இல்லை.

சோனியின் 90 மி.மீ. மேக்ரோவுக்குத் தெளிதொலைவு 28 செ.மீ. உணரியிலிருந்து லென்ஸ் மாட்டும் வளையம் வரை 1.8, லென்ஸ் நீளம் 13. மிச்சம் சுமார் 13 செ.மீ. நிக்கானின் இசட் 105 மி.மீ. லென்ஸுக்கு 29, அதில் 1.6-ம் 14-ம் போனால் 13.4. இவை இரண்டும் உள்ளேயே குவியம் மாற்றுபவை, குழல் நீளாது. சோனியின் 30 மி.மீ. மேக்ரோவுக்குத் தெளிதொலைவு 9.5 செ.மீ. தான். கடையில் கேட்கும்போது இது பெரிய நன்மை மாதிரி இருக்கும். மிச்சமோ 2.4 செ.மீ. தான். 50 மி.மீ. லென்ஸ்களுக்கு இரு நிறுவனத்திலும் தெளிதொலைவு 16 செ.மீ.; கிட்டே போகப்போகக் குழலும் முன்னால் நீளுவதால் ஐந்து செ.மீ. சுமாருக்குத்தான் இடம் இருக்கும்.

இந்த லென்ஸ்கள் எல்லாமே மெய்யளவு தருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். எட்டு மி.மீ. நெல்மணி உணரியிலும் எட்டு மி.மீ. ஆகவே விழும். (‘ஒன்றுக்கு ஒன்று விகிதம்’ என்று இழுப்பதைவிட ‘மெய்யளவு’ நல்ல சொல். அரை மெய்யளவு, இருமடி மெய்யளவு என்று நீட்டவும் வசதி.) அதாவது, பெரிதாக்குவதில் இவற்றுக்குள் வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் அந்த மிச்ச வெளியில்தான். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

இந்த வெளிக்கு ‘பணித்தொலைவு’, ‘வேலைத் தூரம்’ என்று எழுதுகிறார்கள். வேலைக்குப் போய்வரும் தூரம் என்றுதான் எனக்குக் கேட்கிறது. நான் முன்வைப்பது ‘முன்னெட்டம்’. நம்ம பக்கம் ‘கொஞ்சம் எட்டத்துல நில்லு’ என்று சொல்லாத வீடு கிடையாது. லென்ஸுக்கு முன்னால் உள்ள எட்டம், முன்னெட்டம். வாக்கியத்திலும் நன்றாகவே உட்காருகிறது: ‘முன்னெட்டம் கூடின லென்ஸ்’, ‘இதுக்கு முன்னெட்டம் பத்தாது’.

வயலில் இது என்ன செய்யும் என்பதற்கு நெற்பூவையே பாருங்கள். காலை வெயில் ஏறின பிறகு உமி இரண்டாகப் பிரிந்து, ஆறு மகரந்தப் பைகளும் மெல்லிய இழைகளில் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு உமி மூடிக்கொள்ளும். 2.4 செ.மீ. முன்னெட்டத்தில் போனால், நம்ம லென்ஸின் நிழலே பூமேல் விழுந்துவிடும். பக்கத்துக் கதிர் குழலில் உரசும், பூவும் ஆடும். பிளாஷ் வெளிச்சத்தை உள்ளே விடவும் இடம் கிடையாது. 13 செ.மீ. இருந்தால் வெயில் பக்கவாட்டில் தாராளமாக இறங்கும். ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடிக்கவும் முடியும். பாளையங்கால்வாய்க் கரையில் உட்காரும் ஊசித்தட்டானும் அப்படித்தான். இரண்டு விரல் அகலத்துக்குள் லென்ஸை நீட்டினால் அது எந்தக் காலத்தில் பொறுத்துக்கொண்டிருந்தது?

தென்மேற்குக் காற்று வீசும் கார் பருவத்தில் எடுப்பதானால் காற்றையும் கணக்கில் வையுங்கள். மெய்யளவில், முழுச்சட்ட (ஃபுல் பிரேம்) உணரியில், லென்ஸின் துளையை எஃப் 8-க்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மி.மீ. தான். அந்தக் காற்றில் கதிர் அதைப்போல் பல மடங்கு ஆடும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு நம்ம கை நடுக்கத்துக்கே இவ்வளவு கிட்டத்தில் முழுசாக உதவாது. செடி ஆடுவதற்கு ஒன்றுமே செய்யாது. நெல்லின் தண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு எடுப்பதுதான் வழி. அந்தக் கை நுழையவும் முன்னெட்டம் வேண்டும்.

‘மேக்ரோ’வுக்கும் ஒரு வார்த்தை. ‘பேரியல் வில்லை’ என்று பட்டியலில் இருப்பது பொருளாதாரப் பாடத்திலிருந்து வந்தது, எடுத்துவிடலாம். ‘கிட்டவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சேர்த்து எழுதினால் கிடைக்கவில்லை என்றாகிறது. ‘அணுக்கவில்லை’யும் அதே கதி. வில்லைக்கு முன்னால் வினை மாதிரி ஒலிக்கும் எதையும் வைக்க முடியாது. ‘அண்மை வில்லை’ அந்தச் சிக்கலில் மாட்டாது.

பாளையங்கோட்டையில் இயற்பியல் நடத்தும் டீச்சர் எழுதியது:
> தெளிதொலைவும் மெய்யளவும் சரி, அண்ணாச்சி. முன்னெட்டம்தான் இடிக்கிறது. நுண்ணோக்கியிலும் இதே அளவு உண்டு. 40 மடங்குப் பொருளருகு வில்லைக்கு (அப்ஜெக்டிவ்) அது ஒரு மி.மீ.க்கும் குறைவு. எட்டம் என்றால் தள்ளி இருப்பது. மயிரிழை இடைவெளியை எட்டம் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்ல?

டீச்சர், நல்ல கேள்வி. ஆனால் நம்ம அளவுப் பெயர்கள் எல்லாமே பெரிய பக்கத்திலிருந்து வந்தவைதான். குட்டையானவருக்கும் உயரம்தான் அளக்கிறோம். கணுக்கால் தண்ணீருக்கும் ஆழம் என்கிறோம், ஒற்றையடிப் பாதைக்கும் அகலம் என்கிறோம். ‘இந்தப் பொருளருகு வில்லைக்கு முன்னெட்டம் அரை மி.மீ.’ என்றால் பிள்ளைகளுக்கு உறுத்தாது. நுண்ணோக்கிக்கும் கேமராவுக்கும் ஒரே சொல் பொருந்துவது இதற்கு வலுவும் கூட. ‘இடைவெளி’ என்று பொதுவாக வைத்தால் எதற்கும் எதற்கும் நடுவே என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கும். ‘முன்’ என்பது அதைச் சொல்லிவிடுகிறது.

தம்பி, உங்கள் கேமரா முழுச்சட்டமா, அதைவிடச் சின்ன உணரி உள்ள ஏபிஎஸ்-சியா என்று எழுதவில்லை. முழுச்சட்டத்தில் மெய்யளவுக்கு 36-க்கு 24 மி.மீ. பரப்பு அடங்கும். ஏபிஎஸ்-சியில் ஏறத்தாழ 23.5-க்கு 15.6 தான். மூன்று செ.மீ. ஊசித்தட்டானை முழுசாக எடுக்க அதில் பின்னால் வந்துதான் ஆக வேண்டும், அப்போது முன்னெட்டம் தானாகவே கூடும். ஆகவே ஏபிஎஸ்-சி என்றால் 50-ஐ வைத்துக்கூடப் பூச்சி எடுக்கலாம். நெற்பூவுக்கு மட்டும் சிரமம். முழுச்சட்டம் என்றால் 90-க்குக் கீழே போகாதீர்கள். 600 கிராம் சுமாருக்கு எடை இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். கேனன் வைத்திருந்து காசு இடித்தால், பழைய இ.எஃப் 100 மி.மீ. எல் மேக்ரோவைப் பழையதாக வாங்கி இணைப்பு வளையத்தோடு மாட்டுங்கள். 30 செ.மீ. தெளிதொலைவில் 4.4-ம் 12.3-ம் போக முன்னெட்டம் 13.3. வளையம் போடுவதால் அது குறையாது. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் இருந்த, காட்சியைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிக்கு விட்டிருந்த இடத்தைத்தான் வளையம் நிரப்புகிறது.

மறுப்பு வேறு இல்லையென்றால் தெளிதொலைவு, முன்னெட்டம், மெய்யளவு, அண்மை வில்லை நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். பல படங்களை வெவ்வேறு குவியத்தில் எடுத்து ஒன்றாக அடுக்குவதற்கு டீச்சர் ‘குவிய அடுக்கு’ என்று முன்பு சொன்னதைத் தனி இழையில் பேசுவோம். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.