மௌனக் குறும்படங்கள் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகின்றன?

கேள்வி:
சில வாரங்களாக, 1915 முதல் 1935 வரை வெளிவந்த அடிதடி நகைச்சுவைக் குறும்படங்களை ஆண்டு வரிசையில் பார்த்து வருகிறேன். மௌனப் படங்களில் எல்லோரும் சாவி கொடுத்த பொம்மைகளைப் போல ஓடுகிறார்கள். 1929க்குப் பிந்தைய பேசும் படங்களிலோ ஒருவர் விழுந்து எழுவதற்குள் பொறுமை போய்விடுகிறது. அந்த வேகம் கருவியின் குறைபாடா, வேண்டுமென்றே செய்ததா? ஒலி வந்ததும் இவ்வகை நகைச்சுவை நொண்டத் தொடங்கியது என்பது சரியா?

மறுமொழி 1:
இரண்டும் கலந்தது. அன்றைய கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு 16 பிரேம் (தனித்தனி நிழற்படம்) என்ற கணக்கில் எடுத்ததை, ஒலிப்படத்துக்காக நிலைப்படுத்தப்பட்ட 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு விரைவாகிவிடும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 17 நிமிடத்துக்குப் பதில் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் துரத்தல் காட்சிகளில் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றும் வழக்கமும் இருந்தது; அப்போது பதிவாகும் பிரேம்கள் குறைவதால் திரையில் எல்லாம் இன்னும் விரைவாகத் தெரியும். தயாரிப்பாளர் மேக் சென்னெட்டின் கீஸ்டோன் நிறுவனப் படங்களில் வரும் போலீஸ்காரர்கள் பறப்பதில் பாதி அந்தக் கைவண்ணம்தான். எது எந்த வகை என்று அறிய நடிகர்களைப் பார்க்காதீர்கள். கீழே விழும் பொருளையும் பின்னால் நடந்துபோகும் வழிப்போக்கரையும் பாருங்கள்.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. ஒலிப்பதிவின் தொடக்க ஆண்டுகளில், கேமராவின் இரைச்சல் பதிவாகிவிடும் என்று அதை ஒரு கூண்டுக்குள் அடைத்து வைத்ததால் படம் அசையாமல் நின்றது உண்மை. அது விரைவிலேயே தீர்ந்த சிக்கல். லாரல், ஹார்டி இருவரும் நடித்து, 1932இல் நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் பெற்ற 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தைப் பாருங்கள். பியானோ இருக்கும் மரப்பெட்டியை நீண்ட படிக்கட்டில் ஏற்றுகிறார்கள். அது நழுவி உருளும்போதெல்லாம் உள்ளிருந்து தந்திகள் கணகணவென்று முனகுகின்றன. பெட்டிக்கும் வலிக்கிறது என்று நம்மை நம்ப வைப்பது அந்த ஒலிதான். அரும்பாடுபட்டு உச்சிக்கு ஏறியபின், சுற்றிவர வண்டிப்பாதை இருக்கிறதே என்று தபால்காரர் சொல்ல, இருவரும் பெட்டியைத் திரும்பக் கீழே சுமந்து வந்து, வண்டியில் ஏற்றி, அதே இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இந்த அசட்டுத்தனம் நம் மனத்தில் இறங்க நிதானம் வேண்டும். ஓட்டமாக ஓடியிருந்தால் வெறும் விபத்தாகவே முடிந்திருக்கும்.

மறுமொழி 3:
மௌனப் படம் என்றாலே ஓட்டம் என்பதும் முழு உண்மையன்று. நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920) படத்தில், தண்டவாளத்தில் சிக்கிய வீட்டின் மீது ரயில் மோதப்போகிறது என்று தம்பதியர் கண்ணை மூடிக்கொள்ள, அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று அவர்கள் மூச்சுவிடும் நேரத்தில் எதிர்த்திசை ரயில் வீட்டை நொறுக்குகிறது. அந்த இடைவெளியை வெட்டிவிட்டால் காட்சியில் ஒன்றுமே மிஞ்சாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. என்னிடமிருந்த ஒரு கீஸ்டோன் பிரதியை முக்கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். தலையிலிருந்து விழுந்த தொப்பி இப்போது தொப்பியைப் போலவே விழுகிறது, போலீஸ்காரர்கள் மட்டும் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.