திமில் இல்லாத மாடு: ஓவிய சிகிச்சையில் ஏஐ வேண்டுமா?

மதுரைக்காரி:
அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து 8 மாதம் ஆகிறது, பேச்சும் பாதிதான் வருகிறது. ஓவிய சிகிச்சைக்குப் போகும் இடத்தில் போன வாரம் டேப்லெட் கணினி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் திக்கித் திக்கிச் சொல்ல, ஏஐ வரைந்தது: வைகைக் கரை, சாயங்காலம், ஒரு மாடு. படத்தைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது. இது நல்லதுதானே?

கரிக்கோடு:
சந்தோஷம் அக்கா. ஆனால் இதை ஓவிய சிகிச்சை என்று நான் சொல்ல மாட்டேன். 1942-இல் அந்தப் பெயரை வைத்த ஏட்ரியன் ஹில், காசநோய் விடுதியில் கிடந்தபோது தன் கையால் வரைந்து தேறியவர். விரலில் கரி ஒட்டுவதும் கோடு தப்பிப்போவதும்தான் அங்கே மருந்து. நான் குழந்தைகளோடு வேலை செய்கிறேன். ஒரு பையன் கறுப்பு கிரேயானை அழுத்தி அழுத்தித் தாளையே ஓட்டையாக்கினான். அவனுக்குப் பத்து நொடியில் அழகான படம் ஒன்றைக் கொடுத்திருந்தால் அந்தக் கோபம் எங்கே போயிருக்கும்?

சும்மா_ஒருவன்:
அந்தப் பையனுக்குக் கை இருந்தது சார். இவருக்கு? உங்கள் துறையின் எடித் கிராமரே சிகிச்சையாளருக்கு ‘மூன்றாவது கை’ வேண்டும் என்றவர்தானே. வரைபவருக்கு முடியாத இடத்தில் கை கொடுக்கலாம், தன் பாணியை மட்டும் திணிக்கக் கூடாது. அந்தக் கை மென்பொருளாக இருந்தால் என்ன?

கரிக்கோடு:
திணிக்கக் கூடாது என்பதில்தானே சிக்கலே. வின்னிகாட் என்ற மருத்துவர் குழந்தைகளோடு கிறுக்கல் விளையாட்டு ஆடுவார். அவர் ஒரு கிறுக்கல் போட, குழந்தை அதை ஏதோ ஒன்றாக மாற்றும். அப்புறம் குழந்தை கிறுக்க, இவர் மாற்றுவார். கூட்டாளி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஏஐ முழுசாக முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது, நமக்கு என்ன மிச்சம்? அக்கா, அந்த மாடு அப்பா மனதில் இருந்த மாடுதானா?

வெளியூர்க்காரன்:
நடுவில் ஒன்று. அவர் சொல்வதெல்லாம் எந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்று கேட்டீர்களா? சிகிச்சை அறையில் பேசுவது வெளியே போகக் கூடாது.

மதுரைக்காரி:
கேட்கவில்லை, நாளைக்குக் கேட்கிறேன். மாட்டைப் பற்றிக் கேட்டீர்களே, படத்தை பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “இல்ல, இல்ல” என்றார். அப்போதுதான் கவனித்தேன், அது சீமை மாடு, திமிலே இல்லை! இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். முதுகில் கோணலாக ஒரு மேடு போட்டார். கால்மணி நேரம் ஆனது.

சும்மா_ஒருவன்:
பார்த்தீர்களா, ஏஐ கூட்டாளிதான்!

கரிக்கோடு:
அது தப்பு செய்ததால் வந்த லாபம் சார். சரி, இந்த வழி எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திமில் வேண்டும் என்று அதனிடமே சொல்லித் திருத்த வைக்காதீர்கள் அக்கா. பிரிண்டே எடுத்துக் கொடுங்கள்.

மதுரைக்காரி:
இன்றைக்குத் திமிலுக்கு மேல் ஏதோ கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. காக்கையா என்று கேட்டேன், முறைத்தார்.