கம்ப்ரசர் தேவை எல்லாத் தொழிலிலும் ஏறுகிறது, பெரியதாக வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

தகட்டுவேலை எழுதியது:

வணக்கம். தகடு வெட்டி, வளைத்து, பவுடர் கோட்டிங் போட்டுக் கொடுக்கும் பட்டறை எங்களுடையது. காற்றை அழுத்தி அடைக்கும் 30 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் டிரையர் ஒன்று, காற்றைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் டேங்க் ஒன்று, இவ்வளவுதான். ஒரு ஷிஃப்ட் ஓடியவரை பிரச்சினை இல்லை. இரண்டு ஷிஃப்ட் ஆனபிறகு கோட்டிங் பூத்தில் 7 பார் (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய பிரஷர் 5.5க்கு இறங்கிவிடுகிறது, பவுடர் சீராக வருவதில்லை, பாதிப் பொருளைத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் லேசர் கட்டிங் மெஷினில் உருகிய உலோகத்தை ஊதித் தள்ளும் நைட்ரஜனுக்குப் பதிலாகக் காற்றிலேயே வெட்டலாம் என்ற யோசனையும் ஓடுகிறது.

விற்க வந்தவர் பேசாமல் 75 எச்பி போட்டுவிடுங்கள், எல்லாரும் பெரியதற்குத்தான் மாறுகிறார்கள் என்கிறார். அவர் சொல்வதும் பொய்யாகத் தெரியவில்லை. உணவுப் பொட்டலம் போடுகிறவர்கள், மருந்து கம்பெனி, நெசவாலை, பாட்டில் ஊதுகிறவர்கள் என்று யாரிடம் பேசினாலும் காற்று போதவில்லை என்பதே பேச்சாக இருக்கிறது. ஏன் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இப்படி? அது உண்மையான தேவைதானா? அப்புறம், என் நிலைக்கு 75 எச்பி சரியா?

பராமரிப்பு_ஷிஃப்ட் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், தேவை உண்மையானதுதான். கையால் செய்த வேலை ஒவ்வொன்றாக மெஷினுக்கு மாறும்போது அந்த மெஷினுக்குள் எங்காவது ஒரு நியூமேட்டிக் சிலிண்டர் (காற்றழுத்தத்தால் தண்டை முன்னும் பின்னும் நகர்த்தும் குழாய்) உட்கார்ந்திருக்கும். பொட்டலத்தைத் தள்ள, மூடியைப் பிடிக்க, லேபிளை ஒட்ட எல்லாவற்றுக்கும் காற்று. மோட்டார் வைக்கலாமே என்றால், சிலிண்டர் விலை குறைவு, தண்ணீர் அடித்துக் கழுவலாம், எதிரே ஏதாவது சிக்கிக்கொண்டால் அப்படியே நிற்குமே தவிர சூடாகி எரியாது. பெயிண்ட், கரைப்பான் புழங்கும் இடத்தில் தீப்பொறி பயமும் குறைவு. ஒவ்வொரு மெஷின் தட்டிலும் ‘6 பார், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்று எழுதித்தான் வருகிறது, ஆனால் அதையெல்லாம் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, லைனில் பிரஷர் தொய்ந்த பிறகுதான் தெரிகிறது.

காற்றே நேரடியாக வேலை செய்யும் இடங்களும் இருக்கின்றன. ஏர்ஜெட் தறியில் ஊடைநூலைக் கொண்டுபோவதே காற்றுதான், அதனால் அந்த நெசவாலைகளில் கரண்ட் பில்லின் பெரும்பகுதி கம்ப்ரசர் அறையிலிருந்து வருகிறது. பெட் பாட்டில் ஊத 40 பார் வரை வேண்டும், அதற்கு வேறு ரகக் கம்ப்ரசர். தானியத்தில் கறுத்த மணியையும் கல்லையும் பிரிக்கும் கலர் சார்ட்டரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கேமரா கண்டதும், விழுந்துகொண்டிருக்கும் மணிகளில் அந்த ஒன்றை மட்டும் தட்டிவிடுவது சின்னக் காற்று நாசில், ஓயாமல் டிக்டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துச் சொந்தமாகத் தயாரிக்கும் பிஎஸ்ஏ மெஷினுக்கும் தீனி கம்ப்ரசர் காற்றுதான். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு, கேட்கும் தூய்மையைப் பொறுத்து, இரண்டு பங்கு முதல் ஐந்தாறு பங்கு வரை காற்று போகும்.

அளவோடு சேர்ந்து சுத்தமும் கேட்கிறார்கள், எண்ணெய் இல்லாத கம்ப்ரசர்களுக்கு உணவு, மருந்து, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கிராக்கி அதனால்தான். ஐஎஸ்ஓ 8573-1 என்ற தரநிலையில் தூசி, தண்ணீர், எண்ணெய் மூன்றுக்கும் தனித்தனி வகுப்பு உண்டு. ‘கிளாஸ் 0’ என்று போட்டிருந்தால் எண்ணெயே கிடையாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளாஸ் 1ஐவிடக் கடுமையான ஓர் அளவை வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசி எழுத்தில் குறிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த எண் பேப்பரில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மின்கணக்கு எழுதியது:

தேவை கூடுவது உண்மை, சரி. ஆனால் தேவை என்று எழுதப்படுவதில் ஒரு பெரிய பங்கு ஓட்டை வழியாகப் போகிற காற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றல் தணிக்கை என் தொழில், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே பேசுவேன்: தயவுசெய்து இப்போது 75 எச்பிக்கு ஆர்டர் போடாதீர்கள்.

ஒரு ஸ்க்ரூ கம்ப்ரசரின் பத்து வருடச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு மின்சாரம், வாங்கிய விலை சின்னப் பங்குதான். அந்த மின்சாரத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகவே வெளியேறுகிறது. இவ்வளவு செலவு செய்து அடைத்த காற்றை உஸ்ஸென்று வெளியே விடுவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. 7 பார் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் நொடிக்குச் சுமார் 11 லிட்டர் போகும், அதை ஈடுகட்ட 4 கிலோவாட் எரியும். லைன் இரவும் பகலும் பிரஷரில் இருந்தால் வருடத்துக்கு 35,000 யூனிட், ஒரே ஓட்டைக்கு.

முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, பிரஷர் இறங்கும் நேரத்தில் கம்ப்ரசர் பேனலில் என்ன காட்டுகிறது, பூத் ரெகுலேட்டருக்கு முன்னால் என்ன காட்டுகிறது என்று ஒரே சமயத்தில் பாருங்கள். பேனலிலும் 5.5 என்றால் கம்ப்ரசருக்குக் காற்று போதவில்லை. பேனலில் 7, பூத்தில் 5.5 என்றால் குறை நடுவழியில், ஃபில்டரிலோ பைப்பிலோ ஹோஸிலோ இருக்கிறது, அதற்கு எத்தனை எச்பி போட்டாலும் தீராது.

இரண்டாவது, லீக் டெஸ்ட். ஒரு மெஷினும் ஓடாத விடுமுறை நாளில் போய், லைன் வால்வுகளையெல்லாம் திறந்தே வைத்துக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். லோடில் (காற்றை அடைக்கும்போது) எவ்வளவு நேரம், அன்லோடில் (அடைக்காமல் சும்மா சுற்றும்போது) எவ்வளவு நேரம் என்று சில சுற்றுகள் குறித்து, லோடு நேரத்தை இரண்டும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் லீக் சதவீதம் வந்துவிடும். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் 25 சதவீதம். கவனிக்காமல் விட்ட ஆலைகளில் 20 முதல் 30 வருவது சகஜம், நன்றாகப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் 10க்குள் நிற்கும். தேடுவதற்குச் சோப்புத் தண்ணீரும் தூரிகையும் போதும்.

லேசர்_ஆபரேட்டர் எழுதியது:

மின்கணக்கு சொல்வது பூத் பிரச்சினைக்குச் சரி, லேசருக்கு அது பதில் ஆகாது. லீக் எல்லாம் அடைத்தாலும் 7 பார் கம்ப்ரசரை வைத்துக் காற்றில் வெட்டினால் மிக மெல்லிய தகடுக்கு மேல் நல்ல விளிம்பு கிடைக்காது. நாசிலில் 10, 12 பார் நிற்க வேண்டுமென்றால் 13 முதல் 16 பார் தரும் கம்ப்ரசர் வேண்டும். 3 மில்லிமீட்டர் நாசில் 12 பாரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கனமீட்டர் காற்றைக் குடிக்கும், நாசில் விட்டம் இரண்டு மடங்கானால் காற்று நாலு மடங்கு.

அதே சமயம், இதற்காகப் பட்டறை முழுவதையும் 13 பாருக்கு ஏற்றுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பார் கூட்டினால் மின்சாரம் ஆறேழு சதவீதம் கூடும், லீக்கும் சேர்ந்து கூடும், உங்கள் ரெகுலேட்டரும் ஹோஸும் அந்தப் பிரஷருக்குச் செய்யப்பட்டவையா என்பது வேறு கேள்வி. லேசருக்குத் தனிக் கம்ப்ரசர், தனி லைன். 16 பாரில் டிரையர், ஃபில்டர், டேங்க் எல்லாம் ஒரே சட்டத்தில் பொருத்தி லேசருக்கென்றே வருகிறது, 20 எச்பி அளவில் ஒரு சின்ன நாசிலுக்குப் போதும். தகடு வெட்டும் இடங்களில் கம்ப்ரசர் தேவை இவ்வளவு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம், காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே, மெல்லிய தகடுக்கு நைட்ரஜன் சிலிண்டர் எதற்கு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். விளிம்பு நைட்ரஜன் வெட்டு மாதிரி வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் மங்கும். பவுடர் அடிக்கப் போகிற பொருளானால் அந்த ஆக்சைடு படலத்தில் பவுடர் பிடிக்கிறதா என்று ஒரு துண்டு அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காற்றின் சுத்தத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். எண்ணெய் ஆவி கொஞ்சம் போனாலும் லேசர் தலையின் பாதுகாப்புக் கண்ணாடியில் படிந்து, அந்த இடம் சூடேறி, கண்ணாடி போய்விடும். நல்ல ஃபில்டர் இரண்டு கட்டம், அதற்கு மேல் ஆக்டிவேட்டட் கார்பன் ஒன்று. தண்ணீரையும் குறைத்து எடை போடாதீர்கள். 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 100 கன அடி காற்று) உறிஞ்சும் கம்ப்ரசர் மணிக்கு 3 லிட்டர் அளவுக்குத் தண்ணீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறது.

தகட்டுவேலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சோதனையும் செய்துவிட்டேன். பிரஷர் இறங்கிய நேரத்தில் பேனலில் 6.9, பூத்தில் 5.6. டிரையருக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரின் இரண்டு பக்கமும் கேஜ் போட்டுப் பார்த்தால் அங்கேயே 0.9 பார் போகிறது. எலிமெண்ட்டைக் கழற்றினால் பழுப்பாகப் பசை மாதிரி ஆகியிருக்கிறது. லீக் டெஸ்டில் 2 நிமிடம் லோடு, 4 நிமிடம் அன்லோடு, அதாவது மூன்றில் ஒரு பங்கு! டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரைத் தானே வெளியேற்றும் ஆட்டோ டிரெய்ன் மூடாமல் சிக்கி நின்றது, பூத் ஹோஸ் கப்ளர்கள் முக்கால்வாசி கசிந்தன, இடம் மாற்றிய ஒரு மெஷினின் பழைய லைன் துண்டிக்காமலே பிரஷரில் கிடந்தது. எலிமெண்ட் மாற்றி, இவற்றைச் சரிசெய்தபிறகு இரண்டாவது ஷிஃப்டிலும் பூத்தில் 6.5க்குக் கீழே போகவில்லை. லேசருக்குத் தனியாகவே பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதில் விஎஃப்டி (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வைத்தது எடுப்பதா, சாதாரணமானதா?

கம்ப்ரசர்_ரூம் எழுதியது:

லேசருக்கு விஎஃப்டி நியாயமான தேர்வு. தகடு ஏற்றி இறக்கும்போது, துளை போடும்போது எல்லாம் காற்றின் தேவை மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண ஸ்க்ரூ அன்லோடில் ஒரு சொட்டுக் காற்று தராமலே முழு லோடு மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழுக்கும், விஎஃப்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் எப்போதும் முழு லோடில் ஓடுகிற இடத்தில் விஎஃப்டி வைத்தால் அந்த டிரைவிலேயே இரண்டு மூன்று சதவீதம் வீணாகும், அதனால் எல்லா இடத்துக்கும் இதுதான் என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். உங்கள் பழைய 30 எச்பியை அப்படியே விடுங்கள், அதன் லோடு நேரத்தை மாதம் ஒருமுறை குறித்து வந்தால் போதும்.

விலை கேட்கும்போது எச்பியை வைத்துக் கேட்காமல், நீங்கள் ஓட்டப் போகிற பிரஷரில் எத்தனை சிஎஃப்எம் எஃப்ஏடி (வெளியே வரும் காற்றை உறிஞ்சும் இடத்துக் காற்றின் நிலைக்கு மாற்றிச் சொல்லும் அளவு), அதற்கு ஃபேன் உட்பட மொத்தம் எத்தனை கிலோவாட் என்று கம்ப்ரசர் சோதனைத் தரநிலையான ஐஎஸ்ஓ 1217 முறைப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். 7 பாரில் 100 சிஎஃப்எம்முக்கு 18 முதல் 22 கிலோவாட் வரை வழக்கம், 16 பாரில் அது நிச்சயம் கூடுதலாகத்தான் இருக்கும், ஆகவே ஒரே பிரஷரில் உள்ள இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். அப்புறம் இரண்டு கம்ப்ரசரையும் ஒரே சின்ன அறையில் அடைத்தால் ஒன்று விடுகிற சூட்டை மற்றொன்று உறிஞ்சும், உள்ளே போகும் காற்று 4 டிகிரி கூடினாலே ஒரு சதவீதம் மின்சாரம் ஏறும். சூடான காற்றை டக்ட் வைத்து வெளியே எடுங்கள். பவுடர் அடிக்கும் முன் பொருளைக் கழுவிக் காயவைக்கும் இடம் பக்கத்திலேயே இருந்தால் டக்டை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், ஈரம் உலர அந்தச் சூடும் உதவும்.