அமெரிக்காவின் ரசாயன ஆயுத அழிப்பு ஏன் 2023 வரை இழுத்தது?

கேள்வி: ரசாயன ஆயுதங்களைத் தடைசெய்து அழிக்கச் சொல்லும் சர்வதேச உடன்படிக்கை அமலானது 1997-ல். 10 வருடத்தில் முடிக்க வேண்டிய வேலை. பணமில்லையா?

பதில்: பணத்தைவிட, எரிப்பதா கூடாதா என்ற சண்டைதான் பெரிது. கென்டக்கி, கொலராடோவில் எரியுலைப் புகைக்குக் கடும் எதிர்ப்பு. அதனால் கொலராடோவின் பியூப்லோ கிடங்கில் கடுகு வாயுவை (தோலைக் கொப்புளிக்க வைக்கும் ரசாயன ஆயுதம்) வெந்நீரில் சிதைத்து, மிச்சக் கழிவை நுண்ணுயிர்களுக்குத் தீனியாகப் போட்டார்கள்.

பதில் 2: பேர்தான் வாயு, உள்ளே இருப்பது எண்ணெய் மாதிரித் திரவம். கென்டக்கியின் புளூ கிராஸ் கிடங்கில் எக்ஸ்ரே எடுத்தால், பழைய குண்டுகள் பலவற்றில் அந்தத் திரவம் இறுகிக் கிடந்தது, வடிக்க வழியில்லை. குண்டோடு சேர்த்துச் சூடான வெடிப்பு அறைக்குள் தள்ளினார்கள்.

கேட்டவர்: அப்போ 2012 கெடு?

பதில் 2: முதல் கெடு 2007. அதற்குமேல் 5 வருடம்தான் நீட்டலாம். அதுவும் தவறி, கண்காணிப்போடு தொடர்ந்து 2023 ஜூலை 7-ல் முடிந்தது. இந்தியா 1,044 டன்னை 2009-லேயே முடித்துவிட்டது.