உருமறைப்புப் பூசிய ஜேர்மன் ஹெல்மெட்டுகள்: கையில் எடுத்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ரூவான், பிரான்ஸ்

ஒரு பழைய ஜேர்மன் ஹெல்மெட்டில் மஞ்சள், பச்சை, செங்கபிலம் மூன்றும் தெரிந்தால் போதும், விற்கிறவர்கள் 'நோர்மண்டி உருமறைப்பு' என்று சொல்லி விலையைப் பல மடங்கு ஏற்றிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பூச்சு போர்க்காலத்ததா பிறகு பூசியதா என்று அறிய நிறத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எது முதலில் நடந்தது, அதன்மேல் எது நடந்தது என்ற ஒழுங்கைத்தான் பார்க்கவேணும்.

ஃபலேஸ் பக்கத்துச் சந்தை ஒன்றில் ஒரு வயதான விவசாயி கொண்டுவந்த எம்40 (1940ஆம் ஆண்டு மாதிரி ஜேர்மன் ஹெல்மெட்) அதை எனக்கு நன்றாக விளங்கவைத்தது. 1944 ஓகஸ்டில், நோர்மண்டிச் சண்டையில், ஜேர்மன் படைகள் சுற்றிவளைக்கப்பட்ட இடம் அது. விட்டுப்போன ஹெல்மெட்டுகளை ஊர்ச்சனம் கோழிக்குத் தீனி வைக்கவும், நீளத் தடி பூட்டிச் சாணித்தண்ணி அள்ளவும் எடுத்துக்கொண்டார்கள். இவருடையது அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே கொட்டிலின் பரணில் கிடந்ததாம்.

நெற்றி விளிம்பில் மஞ்சள் தேய்ந்து, கீழே தொழிற்சாலைச் சாம்பல் தெரிந்தது. சாம்பலும் தேய்ந்த இடத்தில் வெறும் இரும்பு, அதில் கறுத்த பழைய கறள். பெயின்ற்றில் மணல் கலந்திருந்ததால் விரலுக்கு அரத்தாள் மாதிரி இருந்தது. ஈரத்தில் மினுங்காமல் இருக்கத்தான் அப்படிக் கலந்தார்கள். உள் தோலைப் பிடித்து வைத்திருக்கும் மூன்று ஆணிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஹெல்மெட்டின் இரும்பு ஓட்டில் இருந்த அதே பெயின்ற்றுப் படலம் ஆணித்தலை மேலும் ஒரே வீச்சில் ஏறியிருந்தது. தலையைச் சுற்றி மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதற்குள்ளும் கறள். ஆணியைக் கழற்றி வேறு தோல் பூட்டியிருந்தால் அந்த வளையம் இப்படி இருக்காது. உள்விளிம்பிலும் தோலின் ஓரத்திலும் மஞ்சள் புகைபோலப் படிந்திருந்தது. 1943 பெப்ரவரிக்குப் பிறகு ஜேர்மன் வாகனங்களுக்கு அடர்மஞ்சள்தான் அடிநிறம். வாகனத்துக்கு அடிக்கும் அதே பெயின்ற்றை ஹெல்மெட்டுக்கும் விசிறியிருக்கிறார்கள்.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

அண்ணா, ஆணித்தலை விஷயம் அருமை. நான் கார் பெயின்ட் லைன்ல வேலை பார்க்கிறவன். என் கண்ணுக்கு முதல்ல படறது துருக்குழிதான். இங்கே ஒரு கண்காட்சியில மேஜை நிறைய மூணு கலர் ஹெல்மெட் வச்சிருந்தாங்க. ஒண்ணைத் திருப்பி வெளிச்சத்துல பார்த்தேன். மண்ணுல புதைஞ்சு கிடந்த இரும்பு, குழிகுழியா அரிச்சிருக்கு, ஆனா ஒவ்வொரு குழியோட அடி வரைக்கும் மஞ்சள் பெயின்ட் இறங்கியிருக்கு. போர்க்காலத்துல அடிச்ச பெயின்ட்டா இருந்தா துரு அதைக் கீழிருந்து தூக்கி உடைச்சிருக்கணும். துரு அரிச்சு முடிச்ச பிறகுதான் அந்த பெயின்ட் வந்திருக்கு. வேற எதையும் பார்க்காம மேஜையில வச்சுட்டேன்.

புற ஊதா டார்ச் பத்தி நிறைய பேர் கேட்கிறாங்க. பளிச்சுனு ஒளிர்ந்தா புது பெயின்ட்னு சந்தேகப்படலாம். ஒளிரலைங்கிறதுக்காக அசல்னு முடிவு பண்ணிடாதீங்க, இப்ப வர்ற எத்தனையோ பெயின்ட் ஒளிராது.

ஓடு ஜெர்மன்தானான்னும் பாருங்க. ஹங்கேரி ராணுவத்தோட எம்38 ஹெல்மெட் தூரத்துல அச்சு அசலா அதே மாதிரி இருக்கும். அதுக்குப் பின்பக்கம் வெளியே ஒரு தகட்டுப் பட்டை இருக்கும், அதைக் கழட்டிட்டு மஞ்சள் அடிச்சு விக்கிறாங்க. உள்ளே முத்திரை இருக்கான்னு தேடுங்க: க்யூ64 மாதிரி, எழுத்து தொழிற்சாலை, எண் அளவு. க்யூ எழுத்துன்னா எஸ்லிங்கன்ல இருந்த க்விஸ்ட் கம்பெனி, என் வீட்டுல இருந்து பக்கம்தான். அந்த முத்திரையைத் தொட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும்.

இன்னொண்ணு. ஹெல்மெட்டுல இருக்கற கழுகுச் சின்னத்துல ஸ்வஸ்திகா இருந்தா ஜெர்மனியில அதைப் பொதுவுல காட்டுறது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவுல வரும். ஆராய்ச்சிக்கும் வரலாற்றுக் கல்விக்கும் விலக்கு உண்டு. கண்காட்சிகள்ல வியாபாரிங்க டேப் ஒட்டி மறைச்சிருப்பாங்க. அந்தச் சட்டம் சரின்னுதான் நான் நினைக்கிறேன். யார் தலையில இருந்ததுங்கிறதை நாம மறக்கக் கூடாது.

அன்ட்வேர்ப், பெல்ஜியம்

தம்பிமார், இரண்டாம் போரை மட்டும் கதைக்கிறியள். நான் சேர்க்கிறது முதலாம் போர்ச் சாமான். 1918 ஜூலை 7ஆம் திகதி ஜேர்மன் தளபதி லூடன்டோர்ஃப் ஹெல்மெட்டுக்கு இப்படிப் பூசக் கட்டளை போட்டவர்: பச்சை, காவிமஞ்சள், கறள்கபிலம், கோணல்மாணல் கட்டங்களாக, இடையில் விரல் அகலத்துக்குக் கறுப்புக்கோடு. முன்னால் நின்று பார்த்தால் நாலு கட்டத்துக்கு மேல் தெரியக்கூடாது. பருவத்துக்கு ஏற்ற நிறம் கூடுதலாக இருக்கவேணும். கள்ளச் சாமானில் கட்டங்கள் சின்னனாய், கோடு மெல்லிசாய், பார்க்க வடிவாய் இருக்கும். வடிவாய் இருந்தால் நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

ரூவான், பிரான்ஸ்

அண்ணை சொன்ன நாலு கட்டக் கணக்கை இனி வைத்துப் பார்க்கிறேன்.

தம்பி முத்திரையைச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். ஃபலேஸ் ஹெல்மெட்டின் உள்ளே, பின்கழுத்துப் பக்கம், வெள்ளைப் பெயின்ற்றில் ஒரு குடும்பப்பெயர் இருக்கிறது. ஜேர்மன் போர்க்கல்லறைச் சங்கத்தின் தேடுபக்கத்தில் போட்டுப் பார்த்தேன், அந்தப் பெயரில் பலர் வருகிறார்கள். நோர்மண்டியில் இருக்கிற லா காம்ப் போர்க்கல்லறையில் மட்டும் 21,000க்கு மேற்பட்ட ஜேர்மன் சிப்பாய்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். முதற்பெயரோ பிரிவு எண்ணோ கிடைக்காமல் இவர்தான் என்று சொல்ல ஏலாது, சொல்லவும் கூடாது. விற்கிறவர்கள் சிலர் ஒரு பெயரைக் கண்டதும் கதை கட்டிவிடுகிறார்கள். செத்தவனுக்குச் செய்யும் அநியாயம் அது.

புதிதாக வாங்கியவர்கள் தயவுசெய்து சவர்க்காரம் போட்டுக் கழுவாதேயுங்கோ. குளிர்காலத்தில் பனியில் மறையப் பூசிய வெள்ளை இன்று அரிதாக இருப்பதற்கு, பாதி மழையும் பாதி இப்படிக் கழுவியதும்தான் காரணம். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, ஈரமில்லாத அறையில் வையுங்கோ. படம் அனுப்புகிறவர்கள் பகல் வெளிச்சத்தில், மூன்று ஆணிகளையும் கிட்ட வைத்து எடுத்து அனுப்புங்கோ.