திருகோணமலையில ஆர்ட், டிசைன் படப் புத்தகம் தேடுறன், உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார் அக்காமார், அக்கான்ர மகள் ஏ/எல்லுக்கு சித்திரம் எடுக்கிறா, அவவுக்கு பெரிய கலர்ப் படப் புத்தகங்கள் தேடுறன். முக்கியமா 1943இல கொழும்பில தொடங்கின 43 குழு எண்ட கலைஞர் குழு, ஜோர்ஜ் கீற்றின்ர ஓவியங்கள், லயனல் வென்ட் எடுத்த படங்கள், அதோட புளூ நோட் கொம்பனியின்ர ஜாஸ் ரெக்கோர்ட்டுகளுக்கு ரீட் மைல்ஸ் செய்த அட்டைகள், மனுசன் ஒரு ஃபோட்டோவை வெட்டி பக்கத்தில பெரிய எழுத்தை வச்சு ரெண்டு கலரிலயே என்னமா செய்திருக்கிறார், அதெல்லாம் ஃபோன்ல பாத்து விளங்காது, தாளில பாக்கோணும். டாஷன் மாதிரிப் பதிப்பகங்களின்ர புதுசு எங்களுக்குக் கட்டாது, பழசெண்டாலும் சரி, ஆனா பக்கம் ஒட்டியிருக்கக் கூடாது (பளபளப்புத் தாள் ஈரத்தில ஒட்டினா பிரிக்கேக்க படம் உரிஞ்சு வந்திடும், இஞ்ச கடற்காத்து வேற). கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடையளில இதுகள் கிடைக்குமோ? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஆரிட்டயும் இருந்தா சொல்லுங்கோ, வீட்ட வந்து இருந்து பாத்திட்டுப் போவம்.