ஐசக் உட்வர்டுக்காகத் திரண்ட ஆதரவு அவருக்கு எந்த அளவு உதவியது?

பொருநைக்கரை கேட்டது:

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்; அதில் ஐசக் உட்வர்டைப் பற்றிய பகுதி என் பொறுப்பு. பசிபிக் போர்முனையில் கப்பல்களில் சரக்கு இறக்கும் பிரிவில் பணியாற்றிய இந்தக் கறுப்பினச் சார்ஜண்ட், 1946 பிப்ரவரி 12 அன்று ஜார்ஜியாவில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அன்று மாலையே சீருடையுடன் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கழிப்பறைக்குச் சென்றுவரச் சற்று நிறுத்தும்படி கேட்டதில் ஓட்டுநருக்கும் அவருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டது. தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஓட்டுநர் காவலர்களை அழைத்தார். அந்த ஊரின் காவல்துறைத் தலைவர் லின்வுட் ஷல் அடித்த அடியில் உட்வர்டின் இரண்டு கண்களும் பறிபோயின. மறுநாள் காலை, பார்வையிழந்த மனிதரை நீதிமன்றத்தில் நிறுத்திக் குடிபோதையில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாக 50 டாலர் அபராதம் விதித்தார்கள். தான் குடிக்கவில்லை என்று அவர் சொன்னார்.

பிறகு நாடெங்கும் அவருக்கு ஆதரவு பெருகியது, நிதி திரட்டினார்கள், கூட்டங்கள் நடந்தன. ஆயினும் காவல்துறைத் தலைவர் விடுதலையானார். அப்படியானால் அந்த ஆதரவு உட்வர்டுக்கு உதவியதா, அல்லது அவர் பெயரைச் சொல்லி மற்றவர்களுக்கு உதவியதா என்பதுதான் நான் விடை காண முடியாமல் நிற்கும் கேள்வி.

ஏட்டுச்சுவடி பதில்:

முதலில் அந்த ஆதரவு எப்படி உருவானது என்பதைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அது தானாகத் திரண்ட கூட்டம் அல்ல. பல வாரங்கள் குடும்பத்தாருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியவில்லை. பின்னர் அவர் நியூயார்க்கில் பெற்றோரிடம் சேர்ந்தபோது, என்.ஏ.ஏ.சி.பி. என்று அழைக்கப்படும் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் வழக்கைக் கையில் எடுத்தது. சங்கச் செயலாளர் வால்டர் வைட், உட்வர்ட் சத்தியம் செய்து அளித்த வாக்குமூலத்தை அன்று வானொலியில் வாரந்தோறும் பேசிவந்த திரைப்பட நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸிடம் சேர்ப்பித்தார். ஜூலை 28 அன்று வெல்ஸ் அந்த வாக்குமூலத்தை ஒலிபரப்பில் படித்துக் காட்டினார். பெயர் தெரியாத அந்தக் காவலரை நோக்கியே நேரடியாகப் பேசினார். அடுத்தடுத்த வாரங்களிலும் விடவில்லை.

இங்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. பார்வை போன நிலையில் தான் எந்த ஊரில் இருந்தோம் என்பது உட்வர்டுக்கே சரியாகத் தெரியாததால், வாக்குமூலத்தில் ஏக்கன் என்ற ஊரின் பெயர் இடம்பெற்றுவிட்டது. ஏக்கன் ஊரார் கொதித்துப்போய், வெல்ஸ் நடித்த படத்தையே திரையிட விடாமல் தடுத்தார்கள். தொடர்ந்த விசாரணையில்தான் பேட்ஸ்பர்க் என்பது வெளிப்பட்டது. தவறு நேர்ந்ததும் வழக்கைக் கைவிடாமல் சரியான ஊரைத் தேடிக் கண்டுபிடித்தார்களே, அந்த உழைப்பைத்தான் நான் ஆதரவு என்று முதலில் சொல்வேன்.

ஆகஸ்டில் நியூயார்க்கின் லூவிசன் அரங்கில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி முன்னின்றார். கறுப்பினச் செய்தித்தாளான ஆம்ஸ்டர்டாம் நியூஸ் துணை நின்றது. பில்லி ஹாலிடே, கேப் காலோவே, வுடி கத்ரி ஆகிய இசைக்கலைஞர்கள் மேடையேறினார்கள். 20,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். நாம் புகழ்பெற்றவர்களின் பெயர்களையே நினைவில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த அரங்கை நிறைத்தவர்கள் அனுமதிச்சீட்டுக்குக் காசு கொடுத்து வந்த, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் மக்கள்.

மேலமாசிவீதி பதில்:

சட்டம் படித்தவன் என்ற முறையில் வழக்கைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். தென் கரோலினா மாநில அரசு எதுவும் செய்யவில்லை. செப்டம்பர் 19 அன்று வால்டர் வைட்டும் மற்றவர்களும் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ட்ரூமனைச் சந்தித்து இந்தக் கதையைச் சொன்னார்கள். மறுநாளே ட்ரூமன் தலைமை வழக்கறிஞர் டாம் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார். சில நாள்களில் மத்திய அரசே ஷல் மீது வழக்குத் தொடர்ந்தது. ஏழு மாதமாக அசையாத அரசு ஒரு வாரத்துக்குள் அசைந்ததற்குக் காரணம், மேலே ஏட்டுச்சுவடி விவரித்த அந்தக் கோடைக்காலத்துக் கூச்சல்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கையிலிருந்த சட்டம் பலவீனமானது. பதவியின் பெயரால் ஒருவரின் அரசமைப்பு உரிமையைப் பறித்தல் என்ற அந்தப் பிரிவில் மிகுந்தபட்சத் தண்டனையே ஓராண்டுச் சிறைதான். அதோடு, வேண்டுமென்றே அந்த உரிமையைப் பறித்ததாக நிறுவியாக வேண்டும் என்று 1945ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் நவம்பர் 5 அன்று விசாரணை. ஷல் அடித்ததை மறுக்கவில்லை. தற்காப்புக்காக அடித்ததாகச் சொன்னார். குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் தீர்ப்போடு திரும்பிவிடுவார்களோ என்று கூசிய நீதிபதி வேட்டீஸ் வேரிங், தான் 20 நிமிடம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார், அதுவரையாவது அவர்கள் உள்ளே இருக்கட்டும் என்று. அரை மணி நேரத்துக்குள் ஷல் விடுதலை. பார்வையாளர் வரிசையில் இருந்த நீதிபதியின் மனைவி அழுதபடி வெளியேறினார்.

அந்த நடை வேரிங்கை விட்டு அகலவில்லை என்றே சொல்லலாம். சார்ல்ஸ்டனின் பழைய வெள்ளைக் குடும்பத்தில் பிறந்த அவர், அடுத்த ஆண்டே வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலைக் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிட்டார். 1951ஆம் ஆண்டில் பள்ளிப் பிரிவினை வழக்கில், பிரித்துவைப்பதே சமத்துவமின்மை என்று மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். ட்ரூமனோ 1946 டிசம்பரில் குடிமை உரிமைகள் குழுவை அமைத்து, 1948 ஜூலை 26 அன்று படையில் சம நடத்தைக்கான 9981ஆம் ஆணையைப் பிறப்பித்தார்.

பொருநைக்கரை மீண்டும்:

இருவருக்கும் நன்றி. ஆனால் நீங்கள் சொல்லியவற்றில் பெரும்பகுதி மற்றவர்களுக்குக் கிடைத்தவை. உட்வர்டின் சாப்பாட்டுக்கு என்ன வழி? படைவீரருக்கான ஓய்வூதியமாவது முழுமையாகக் கிடைத்ததா?

ஏட்டுச்சுவடி பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. அடி விழுந்தபோது அவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சில மணி நேரம் ஆகியிருந்ததால், பணிக்காலத்துக் காயமாக அதைக் கருத முடியாது என்று முழு உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள். சீருடையைக் கழற்றக்கூட அவருக்கு நேரம் வாய்க்கவில்லை என்பதை எந்தக் கோப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பேருந்து நிறுவனத்தின் மீது தொடுத்த இழப்பீட்டு வழக்கும் தோற்றது. மனைவியும் பிரிந்துவிட்டார். ஆகவே அந்த ஆண்டுகளில் மக்கள் தந்த பணம் அவருக்குப் பெயரளவிலான உதவியாக இருக்கவில்லை, அதுவே கைத்தடி. அதே சமயம், சங்கம் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று பேசவைத்தது. ஒவ்வொரு மேடையிலும் அந்த இரவைத் திரும்பச் சொல்வது ஒரு மனிதருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பதை உங்கள் வட்டத்தில் தவறாமல் பேசுங்கள். கூட்டங்கள் ஓய்ந்த பிறகு செய்தித்தாள்கள் அவரை மறந்துவிட்டன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓசையின்றி வாழ்ந்து, 1992ஆம் ஆண்டில் 73 வயதில் இறந்தார்.

கரிசல்மண் பதில்:

ஒரு சிறு சேர்க்கை. 2018ஆம் ஆண்டில் பேட்ஸ்பர்க்-லீஸ்வில் நகர நீதிமன்றம் அந்தப் பழைய தண்டனையை நீக்கியது. முன்னாள் படைவீரர்கள் முயன்றதன் பலனாக, 2019 பிப்ரவரியில் அவ்வூரில் ஒரு நினைவுப் பலகையும் நிறுவப்பட்டது. உட்வர்ட் இறந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்ததால், அவருக்குச் செய்தது என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் அந்தப் பலகையின் படத்தைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும்: உலோகப் பலகையின் அடிப்பகுதியில் அதே செய்தியைப் பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும்படி பிரெய்லியிலும் பொறித்திருக்கிறார்கள்.